‘தாழ்ச்சியடையேன்’ என்றால் என்ன? கோயிலில் எந்த வேதாகமத்தை வாசிப்பது?

கேள்வி, 18 பிப்ரவரி 2023

பெங்களூரில் வேலை. பண்டிகைக்குத்தான் ஊருக்கு வருகிறேன். போன வாரம் ஊர்க் கோயிலில், அதாவது சர்ச்சில், வேதபாடம் வாசிக்கும்போது என் மகள் (இரண்டாம் வகுப்பு) காதுக்குள் கேட்டாள்: “அப்பா, இது தமிழா?” எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நியாயப்பிரமாணம், கிருபாசனம், சந்நிதி, பிரத்தியட்சம்... புதிய மொழிபெயர்ப்புகள் இருக்கும்போது ஆராதனையில் பழையதைத்தான் வாசிக்க வேண்டும் என்று யார் சொன்னது? மாற்றினால் என்ன குடி முழுகிவிடும்?

19 பிப்ரவரி, ஞாயிறு இரவு

ஒன்றும் முழுகாது. நானும் மாற்றச் சொல்லும் கட்சிதான்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பாடம் வாசிக்கிறவன் நான். பிழைப்பு பலசரக்குக் கடை. மாதம் ஒரு ஞாயிறு என் முறை வரும். இன்று ஓய்வுநாள் பள்ளிக்கு டீச்சர் வரவில்லை என்று என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஏழு பிள்ளைகள். 23ஆம் சங்கீதம் தெரியுமா என்றேன். ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள், நிறுத்தக்குறிக்குக்கூட மூச்சு விடவில்லை. “சரி, தாழ்ச்சியடையேன் என்றால் என்ன?”

நாலு பேர் “தாழ்ந்து போகமாட்டேன்” என்றார்கள். ஒருத்தி “கீழே விழமாட்டேன்”. ஒரு பயல் “கதவுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டேன்” என்றான். ஏழாவது பிள்ளை என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

1995இல் வந்த திருவிவிலியத்தில் அதே வரி “எனக்கேதும் குறையில்லை”. முடிந்துபோயிற்று. எந்தப் பிள்ளைக்கும் புரியும். இந்தச் சமஸ்கிருதச் சந்தைக்கடையை இந்த லெந்து காலத்தோடு (ஈஸ்டருக்கு முந்திய தபசு நாட்கள்) மூட வேண்டும் என்பது என் கருத்து.

20 பிப்ரவரி

‘சந்தைக்கடை’ என்று எழுதியது அதிகப்படி. இரவு பதினொன்றரைக்கு எழுதினால் அப்படித்தான் வரும்.

காலையில் இன்னொன்றும் உறைத்தது. ‘தாழ்ச்சி’ வடமொழியே இல்லை, சுத்தத் தமிழ். என் அம்மாவுக்கு வயது 83. எங்கள் அக்கா கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “ஒரு தாழ்ச்சியும் வரல” என்றுதான் சொல்வாள், குறை வரவில்லை என்ற பொருளில். ஆக, வேதாகமம் புரியாத பாஷையில் இருக்கிறது என்று நேற்று நான் கொடுத்த முதல் சாட்சியே என் வீட்டுப் பாஷை. நல்ல வக்கீல் நான்.

21 பிப்ரவரி

“முந்நூறு வருஷமாய் இருக்கிற வேதத்தை மாற்ற நீ யார்?” என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி, நீங்கள் கையில் வைத்திருப்பது முந்நூறு வருஷத்துப் புத்தகம் இல்லை.

முந்நூறு வருஷத்துக்கு முந்தியது தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அச்சிட்டது, 1714. ஜெர்மனியில் ஹாலே நகரத்திலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்தன, தாள் போதவில்லை. தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்து அடித்தார்கள். பழைய ஏற்பாட்டில் அவர் ரூத் வரைக்கும்தான் வந்தார். 1719இல் இறந்துபோனார். மீதியை சூல்ச் முடித்தார். அப்புறம் பப்ரிசியஸ். அவர் முழங்காலில் நின்றே மொழிபெயர்த்தார் என்று சொல்வார்கள். வயதான காலத்தில் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, கடனுக்காகச் சிறையிலும் இருந்தவர். கடைக்காரன் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம். அதற்கப்புறம் நம்ம பாளையங்கோட்டை ரேனியஸ், புதிய ஏற்பாடு 1833. அதற்கும் பிறகு பவர் ஐயரும் (போதகரை நாங்கள் ஐயர் என்போம்) அவருடைய குழுவும் 1871இல் முடித்ததுதான் நீங்கள் ‘பழைய’ வேதாகமம் என்று சொல்வது.

அது வந்தபோது அதுதான் புதுசு. லுத்தரன் சபைகள் பப்ரிசியஸை விட மாட்டோம் என்று நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தன. அவர்களுக்குப் ‘பராபரன்’ போய்த் ‘தேவன்’ வந்தது பிடிக்கவில்லை. இன்றைக்குத் ‘தேவன்’ போய்க் ‘கடவுள்’ வந்தால் நமக்குப் பிடிக்கவில்லை.

21 பிப்ரவரி, மறுபடியும்

ரேனியஸைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. வேதத்தை எப்படி மொழிபெயர்க்க வேண்டும் என்று 1827இலேயே தனியாக ஒரு கட்டுரை எழுதியவர் அவர். மூலத்தின் சொல்லைச் சொல்லாகத் தூக்கி வைக்காதே, தமிழர் காதில் தமிழாக விழ வேண்டும் என்பது அவர் கட்சி. ரொம்பத்தான் தளர்த்திவிட்டார் என்று அவர் மேலும் புகார் இருந்தது. ஆகவே, இங்கே நாம் மூன்று நாளாகப் போடும் சண்டை ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையிலேயே போட்டு முடித்த சண்டை. முடிந்ததா என்பதுதான் தெரியவில்லை.

24 பிப்ரவரி

இரண்டு திருத்தம்.

ஒன்று: 1714இல் வந்தது நாலு சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும்தான். புதிய ஏற்பாடு முழுசாக வந்தது 1715இல். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

இரண்டு: யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் “எங்கட பேர்சிவல் எங்கே?” என்று கேட்டிருக்கிறார். நியாயம். பீட்டர் பேர்சிவல் யாழ்ப்பாணத்தில் முன்னின்று செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்குத் தமிழில் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். ஆம், பின்னாளில் மிஷனரிமாரை எதிர்த்துச் சைவத்துக்காக எழுதிக் குவித்த அதே நாவலர். அந்த மொழிபெயர்ப்பு இந்தக் கரையில் ஒட்டவில்லை.

26 பிப்ரவரி, ஞாயிறு

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. ராத்திரி ஒரு அதிகாரம் நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். இந்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் புத்தகத்தை மாற்றினேன். மத்தேயு 11. “பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே, எல்லாரும் என்னிடம் வாருங்கள்.” நல்ல தமிழ். வாசிக்கும்போதே நாக்குக்குச் சுகமாக இருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நல்லாத்தாம்ல இருக்கு. வருத்தப்படுதவங்கள மட்டும் விட்டுட்டாவளே?”

பழையதில் அந்த வசனம் “வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே” என்று தொடங்கும். அப்பா இறந்துபோன வருஷம் முழுக்க அவள் தலைமாட்டில் கிடந்த காலண்டர் தாளில் இருந்த வசனம் அது. நான் எழுந்து போய் பழைய புத்தகத்தை எடுத்துவந்து வாசித்தேன். வேறென்ன செய்ய.

27 பிப்ரவரி

நேற்று எழுதியதில் இருந்து தூக்கம் வரவில்லை. ‘வருத்தம்’ என்ற சொல்லைப் போட்டவர்கள் துக்கத்தை நினைத்துப் போடவில்லை. “முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்” என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த வருத்தம். உடம்பு நோக உழைப்பது. கிரேக்கத்தில் இருப்பதும் உழைத்துக் களைப்பதுதான் என்று எங்கள் ஐயரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்படிப் பார்த்தால் ‘சோர்ந்திருப்பவர்களே’ ஒன்றையும் விட்டுவிடவில்லை. அம்மாவுக்குத்தான் அந்தச் சொல் வேறு திசையில் திறந்திருக்கிறது.

தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி தாலியறுத்த வருஷத்தைக் கடந்திருக்கிறாள். இதை அவளிடம் போய்த் திருத்த எனக்கு மனசு வரவில்லை. திருத்தவும் மாட்டேன்.

27 பிப்ரவரி, பிற்பகல்

யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதியதை இங்கேயே எடுத்துப் போடுகிறேன். கடையில் ஆள் நிற்கும்போது வாசித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன், துவரம்பருப்பு நூறு கிராம் கூடுதலாகப் போயிற்று. அவர்கள் ஊரில் ‘வருத்தம்’ என்றால் நோயாம். “அவருக்கு வருத்தம், ஆஸ்பத்திரியிலை” என்பார்களாம். அவருடைய அம்மம்மா அந்த வசனத்தை நோயாளிகளை இயேசு கூப்பிடுகிறார் என்றே கடைசிவரை எடுத்துக்கொண்டாராம்.

ஆக ஒரே சொல்லில் உழைக்கிறவன், துக்கப்படுகிறவள், நோயாளி மூன்று பேரும் உள்ளே போயிருக்கிறார்கள். பவர் ஐயர் இதைத் திட்டமிட்டிருக்க மாட்டார்.

5 மார்ச்

“அப்படியானால் கட்சி மாறிவிட்டீர்களா?” இல்லை. சற்றுக் குழம்பியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இதைக் கேளுங்கள். யோவான்ஸ்நானன் சொல்வது, மத்தேயு 3:12: “தூற்றுக்கூடை அவர் கையிலிருக்கிறது, அவர் தமது களத்தை நன்றாய் விளக்கி...” வாலிபர் ஐக்கியத்தில் ஒரு தம்பி, பொறியியல் முடித்தவர், இதற்கு வியாக்கியானம் செய்தார். இயேசு தமது ஊழியக் களத்தைப் பற்றி நமக்கு நன்றாய் விளக்கிச் சொல்லுவாராம். பத்து நிமிஷம் பேசினார். ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயம்.

பின்வரிசையில் இருந்த கோவில்குட்டியார் (கோயில் வேலைகளைக் கவனிப்பவர்) மெதுவாகக் கேட்டார்: “தம்பி, விளக்குமாத்த வச்சு என்ன விளக்கம் சொல்லுவீய?”

விளக்குதல் என்றால் துடைத்துச் சுத்தமாக்குதல். பாத்திரம் விளக்குகிறோம். களத்தில் நெல்லைத் தூற்றிப் பதரைப் போக்குவதைப் பார்த்தவருக்கு அந்த வசனத்தில் ஒரு சொல்லும் அந்நியமில்லை. தம்பிக்கு வடமொழி தடையாக இல்லை, களம் தெரியாததுதான் தடை. இப்போது எங்கள் ஊரிலேயே அறுப்பு மெஷின் வந்துவிட்டது. நெல் அங்கேயே பிரிந்து சாக்கில் விழுகிறது. இன்னும் இருபது வருஷத்தில் எந்த மொழிபெயர்ப்பிலும் தூற்றுக்கூடை யாருக்கும் புரியாது.

6 மார்ச்

எல்லாரும் தங்கள் பங்குக்கு ஒன்று சொல்லத் தொடங்கிவிட்டீர்கள், எனக்கும் ஒன்று. 1 தெசலோனிக்கேயர் 5:19, “ஆவியை அவித்துப்போடாதிருங்கள்.” விளக்கை அவித்தல் என்றால் அணைத்தல், எங்கள் ஆச்சி காலத்துப் பேச்சு. என் மகன் சிறுவயதில் இந்த வசனத்தை இட்லிக் கொப்பரையைப் பற்றியது என்று நினைத்திருந்தான். ஆவியில்தானே இட்லி அவிகிறது, ஆவியையே எப்படி அவிப்பது என்று கேட்டான். உண்மையில் நல்ல கேள்வி.

கல்யாண வீட்டில் நீதிமொழிகள் 31 வாசித்த ஒரு பையன் “குணசாலியான இஸ்திரியை” என்று வாசித்ததை மாப்பிள்ளை வீட்டார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ‘ஸ்திரீ’ என்ற சொல்லை நான் காப்பாற்ற மாட்டேன். அது போகட்டும்.

19 மார்ச்

நேற்று எங்கள் சேகரத்தில் அசனம். அதனால்தான் இரண்டு நாளாக ஆளைக் காணோம். கோயில் வளாகத்தில் அடுப்பு வெட்டி, ஊருக்கே சோறும் கறிக்குழம்பும். பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் வருஷம் முழுக்கச் சேர்த்த கைப்பிடி அரிசியும் அதில் சேர்ந்தது. வெளியூர் வாசகர்களுக்கு: வீட்டில் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பது கைப்பிடி அரிசி. பணம் இல்லாத வீட்டுக்கும் காணிக்கை உண்டு என்று ஆக்கிவைத்த வழக்கம். பாட்டிமார் போட்ட அரிசி பல ரகமாகக் கலந்து கிடக்கும், ஒரு பதம் வேகாது. கடைக்காரக் கண்ணுக்கு அது எரிச்சல். சாப்பிடும்போது தெரியாது.

பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது: அசனம் என்பதும் வடசொல்தான், சாப்பாடு என்று பொருள். ‘அசனமா, அது என்ன பாஷை?’ என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. இலை போட்டுச் சோறு விழுந்தால் சொல் புரிந்துவிடுகிறது.

20 மார்ச்

திருவிவிலியம் “ஆர்சிக்காரர் பைபிள்” என்று நாலு பேர் சொல்லிவிட்டீர்கள். அது கத்தோலிக்கரும் நம்மவர்களும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு. அதை வேண்டாம் என்று சொல்ல வேறு காரணம் தேடுங்கள். எங்கள் தெருவில் இருக்கும் கத்தோலிக்கப் பெரியவருக்கு அதில் வேறு குறை. அவர் சிறுவயதில் பேதுரு இராயப்பராகவும் பவுல் சின்னப்பராகவும் யோவான் அருளப்பராகவும் இருந்தார்கள். “எங்க சின்னப்பர உங்க ஆளுக பவுலாக்கிட்டிய” என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார். நாம் விட்டுக்கொடுத்தோம் என்று இங்கே புலம்பல், அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள் என்று அங்கே.

7 ஏப்ரல், பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஆறாவது வார்த்தை. யோவான் 19:30, பழையதில் “முடிந்தது”. பேசியவர் குரலைத் தாழ்த்தி “முடிந்தது...” என்றதும் முன்னால் இருந்த ஒரு அம்மா ‘ச்சு’ கொட்டினார். ஐயோ, கதை முடிந்ததே என்ற ‘ச்சு’. எங்கள் பேச்சில் “அவன் முடிஞ்சான்” என்றால் அதுதானே பொருள்?

திருவிவிலியம்: “எல்லாம் நிறைவேறிற்று.” இங்கே எனக்குத் துளி சந்தேகமும் இல்லை, புதியதுதான். கடைக்காரன் கடன் நோட்டில் ஒரு பேரை அடித்து ‘பைசல்’ என்று எழுதும்போது இருக்கிற தெம்பு ‘நிறைவேறிற்று’ என்பதில் இருக்கிறது. ‘முடிந்தது’ என்பதில் கடையையே அடைத்த மாதிரி இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதாம்ல. அவருக்கு வலி முடிஞ்சுது” என்றாள். இதற்கு மேல் நான் என்ன வாதாட?

16 ஏப்ரல்

ஐயரிடம் நேராகப் போய்க் கேட்டேன். மாற்றலாமா, கூடாதா? அவர் நெகேமியா 8:8ஐ எடுத்துக் காட்டினார். தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியில் ஜனங்களைக் கூட்டி, நியாயப்பிரமாண புஸ்தகத்தைத் “தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்.” எந்தப் புத்தகம் என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் நீங்கள் தீர்க்கமாக வாசிக்கிறீர்களா என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். சனிக்கிழமை ராத்திரி ஒருமுறைகூட நான் பாடத்தைப் பார்த்ததில்லை. மைக் முன்னால் போய் நின்ற பிறகுதான் எந்த அதிகாரம் என்றே தெரியும். ரோமர் நிருபத்தில் ஒரு வாக்கியம் ஏழெட்டு வரி ஓடும், எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் நடுவில் நிறுத்தி, எழுவாயை ஒரு கரையிலும் பயனிலையை ஒரு கரையிலும் விட்டுவிடுவேன். அந்தப் பெங்களூர்ப் பிள்ளையின் கோயிலில் வாசித்தவரும் என்னைப் போல ஒருவராகத்தான் இருப்பார்.

முடிவு: ஜூன் வரை பழையதே. ஆனால் பாடம் தொடங்குமுன் வாசிக்கிறவர் இரண்டு வரி தன் சொந்தத் தமிழில் சொல்ல வேண்டும், கடினமான சொல் இருந்தால் அதையும். இரண்டு வரிக்கு மேல் போனால் ஐயர் இருமுவார்.

30 ஏப்ரல்

முதல் முயற்சி. லூக்கா 18, கோயிலுக்குப் போன இரண்டு பேர். “ஆயக்காரன் என்றால் வரி வசூலிக்கிறவன், ரோமருக்காகத் தன் ஜனத்திடமே வசூலித்ததால் ஊரில் வெறுக்கப்பட்டவன்” என்று சொல்லிவிட்டு வாசித்தேன். “பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்” வரும்போது பின்வரிசைப் பிள்ளைகள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். என் கற்பனையாகவும் இருக்கலாம், மின்விசிறி நின்றிருந்தது.

வெளியே வந்ததும் ஒரு பெரியவர், “ஆயக்காரன்னா ஜெபம் பண்ண ஆயத்தமா வந்தவன்னுல நெனச்சேன் இத்தன வருஷமா” என்றார். அவருக்கு வயது 70.

28 மே, பெந்தெகொஸ்தே

அப்போஸ்தலர் 2 எனக்கு விழுந்தது. பார்த்தர், மேதர், ஏலாமீத்தர், மெசொப்பொத்தாமியா, கப்பத்தோக்கியா. ஒரு வாரமாகப் பருப்பு நிறுக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைக்கு வந்த ஒரு அக்கா எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போனார். கப்பத்தோக்கியாவைத் தாண்டிவிட்டேன், பம்பிலியாவில் விழுந்தேன். அவரவர் பாஷையில் கேட்டார்கள் என்ற பாடத்தை வாசிக்கும்போது எனக்கு மட்டும் ஒரு பாஷையும் வரவில்லை.

4 ஜூன்

கேள்வி கேட்ட தம்பி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறார். எங்கள் கோயிலுக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இன்று வாசித்தவர் வேறொருவர். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை தூங்கிவிட்டது. தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம். எந்த வருத்தம் என்று கேட்காதீர்கள்.

10 ஜூன்

வேதாகமத்தை இரவு பகலாகத் தொடர்ந்து வாசிக்க அடுத்த வாரம் ஏற்பாடாகியிருக்கிறது, ஆளுக்கு ஒரு பங்கு. எனக்குச் சீட்டில் விழுந்தது எண்ணாகமம் 7. எண்பத்தொன்பது வசனம். பன்னிரண்டு பிரபுக்கள் பன்னிரண்டு நாளும் ஒரே காணிக்கையை, ஒரே சொற்களில், பன்னிரண்டு தரம் கொண்டுவருகிறார்கள். ஆளுக்கு 130 சேக்கல் எடையில் வெள்ளித்தாலம், 70 சேக்கல் எடையில் வெள்ளிக்கலம். இதற்கு முன்னுரையாக இரண்டு வரி என்ன சொல்வது? யாராவது மாற்றிக்கொள்கிறீர்களா? எரேமியா என்றாலும் சரி.

பின்குறிப்பு: 85ஆம் வசனத்தில் மொத்தம் 2400 சேக்கல் என்று போட்டிருக்கிறது. கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரி.